லாக்ஸ்டன்: ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்மையில் யார் ஆள்கிறார்கள்?

2021 பிப்ரவரியில் ஒரு ஜூம் கூட்டக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. இங்கிலாந்தின் செஷயரில் உள்ள ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் என்ற அடிமட்ட உள்ளாட்சி அமைப்பு அதற்கு முந்தைய டிசம்பரில் நடத்திய கூட்டம் அது. கூட்டத்தை நடத்தித்தர வந்த ஜாக்கி வீவரைப் பார்த்து, உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை என்று கத்தினார்கள். அவர் குரலைக்கூட உயர்த்தாமல் தலைவரையும் அவருக்காகக் கூச்சல் போட்டவர்களையும் கூட்டத்திலிருந்து வெளியேற்றினார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கவுன்சிலுக்கே என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது, இங்கிலாந்திலேயே வாழ்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு உள்ளாட்சி பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. மாவட்டக் கவுன்சில்கள் போய்விடும் என்று செய்தி வந்ததும் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. அப்படியானால் கிராமத்துக்கு என்று எதுவுமே மிஞ்சாதா? இதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன்: நாட்டிங்ஹாம்ஷயரில், ஷெர்வுட் காட்டுப் பக்கம், ஆலர்ட்டனுக்கு அருகே இருக்கும் லாக்ஸ்டன். சில நூறு பேர் வாழும் சின்ன ஊர். மற்ற பெரும்பாலான ஆங்கிலக் கிராமங்களில் ஏட்டில் மட்டும் மிஞ்சிய ஓர் ஏற்பாடு இங்கே இன்னும் நடைமுறையில் இருக்கிறது, அதனால் எது எதிலிருந்து வந்தது என்று பார்ப்பது சுலபம்.

## முதலில், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வட்டங்கள்

ஆங்கிலக் கிராமம் என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு நிர்வாக அலகே இல்லை. ஊர்ப்பெயர்ப் பலகை இருக்கும், அவ்வளவுதான். அதன்மேல் நான்கு வெவ்வேறு வட்டங்கள் விழுகின்றன.

1. சர்ச் பாரிஷ். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்கிறார்களே, அது. ஒரு தேவாலயமும் அதற்கு உட்பட்ட நிலப்பரப்பும். லாக்ஸ்டனில் புனித மிக்கேல் தேவாலயம் இதன் மையம். இதற்கென்று சர்ச் கவுன்சில் ஒன்று தனியாக உண்டு. அது தேவாலயக் கட்டடத்தையும் வழிபாட்டையும் பார்க்கும், தெரு விளக்கைப் பார்க்காது.

2. சிவில் பாரிஷ். உள்ளாட்சியின் அடிமட்டம். ஊராட்சி என்று சொன்னால் பாதிதான் சரி. இங்கே அதன் பெயர் லாக்ஸ்டன் அண்ட் மூர்ஹவுஸ். மூர்ஹவுஸ் பக்கத்திலிருக்கும் சின்னக் குடியிருப்பு. அதையும் சுற்றியுள்ள வயல்களையும் சேர்த்துத்தான் பாரிஷ். அதாவது பாரிஷ் வேறு, கிராமம் வேறு. பாரிஷ் என்பது நில எல்லை, கிராமம் அதற்குள் வீடுகள் கூடியிருக்கும் இடம்.

3. மேனர். இது நிலவுடைமை சார்ந்த பழைய பண்ணையாட்சி. மேனர் பிரபு என்றால் நாடாளுமன்றத்துப் பிரபு இல்லை. அந்தப் பட்டத்தை விற்கலாம், வாங்கலாம். பெரும்பாலான ஊர்களில் மேனர் இன்று வெறும் பெயர். லாக்ஸ்டனில் அப்படி இல்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

4. மாவட்டமும் கவுண்டியும். நியூவார்க் அண்ட் ஷெர்வுட் மாவட்டக் கவுன்சில் குப்பை அள்ளும், வீடு கட்ட அனுமதி தரும். இப்படிப் பல மாவட்டங்கள் சேர்ந்ததுதான் கவுண்டி; நாட்டிங்ஹாம்ஷயர் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு சாலை, பள்ளி, முதியோர் பராமரிப்பு. இதற்கும் மேலே 2024 மே மாதத்திலிருந்து கிழக்கு மிட்லாண்ட்ஸுக்கு ஒரு மேயரும் உண்டு.

செய்திகளில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசி ஒரு வட்டத்தின் வேலையை இன்னொன்றின் தலையில் ஏற்றுவதால் வருவது.

## ஒரே பாரிஷ் எப்படி இரண்டானது

தொடக்கத்தில் சர்ச் பாரிஷ் மட்டும்தான் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குள் அதன் எல்லைகள் பெரும்பாலும் நிலைபெற்றுவிட்டன. எல்லை ஏன் அவ்வளவு முக்கியம்? தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குப் போக வேண்டும். எந்த வயல் எந்தத் தேவாலயத்துக்குக் கட்டும் என்பது தகராறு இல்லாமல் தெரிந்தாக வேண்டும். வசந்த காலத்தில் ஊரே திரண்டு எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக்கற்களைக் குச்சியால் அடிக்கும் வழக்கம் இதிலிருந்துதான் வந்தது. சில இடங்களில் கல்லுக்குப் பதில் கூட வந்த பையன்களுக்கே அடி விழுந்ததாகச் சொல்வார்கள், எல்லை மறக்கக்கூடாதாம்.

அப்புறம் அரசு ஒன்றைக் கவனித்தது. நாடு முழுக்க எல்லை வகுக்கப்பட்டு, ஆள் அடையாளம் தெரிந்த ஓர் அமைப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது, அதன் தலையிலேயே வேலைகளை ஏற்றினால் என்ன? 1538இல் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றார். 1555இல் சாலையைப் பழுதுபார்ப்பது பாரிஷின் பொறுப்பானது. ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். 1601இன் ஏழைகள் சட்டம் இன்னும் பெரியது: தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளைப் பாரிஷே காப்பாற்ற வேண்டும், அதற்கு வரியும் அதுவே போட வேண்டும். 1662இல் இதற்கு ஒரு கொடுமையான வால் முளைத்தது. யார் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்று பார்த்து, வெளியாள் நமக்குச் செலவாகிவிடுவார் என்று பட்டால் அவர் சொந்தப் பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். ஏழைகளுக்கு உதவுகிறோம் என்ற பெயரில் ஏழைகளை விரட்டியடித்த கதை அது.

1834இல் ஏழைகள் நிவாரணம் பல பாரிஷ்கள் சேர்ந்த ஒன்றியங்களுக்குப் போனது. 1866இல் ஏழைவரியைத் தனியாக வசூலிக்கும் இடம்தான் பாரிஷ் என்று சட்டம் வரையறுத்தது. சிவில் பாரிஷும் சர்ச் பாரிஷும் பிரியத் தொடங்கியது இங்கேதான். 1894இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சில்கள் வந்தன. திருமணமான பெண்களும் அதில் வாக்களிக்கலாம், போட்டியிடலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுக் கிடைக்க இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.

ஆக, பதவி, வரி, எல்லை எல்லாம் சர்ச்சிடமிருந்து வந்தவை. ஆனால் சர்ச்சுக்கும் இன்றைய பாரிஷ் கவுன்சிலுக்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது.

## லாக்ஸ்டனில் மூன்றாவது வட்டம்

சரி, மேனருக்கு வருவோம். இந்த ஊரின் சுவாரசியமே இதில்தான்.

லாக்ஸ்டனின் வயல்களில் ஒரு பகுதி, ஏறத்தாழ 480 ஏக்கர், இன்றும் வேலியில்லாத மூன்று பெரிய திறந்த வயல்களாக இருக்கிறது: மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒவ்வொன்றும் நீளமான துண்டுகளாகப் பிரிந்து வெவ்வேறு குத்தகைதாரர்களிடம் இருக்கின்றன. துண்டுகளுக்கு நடுவே உயிர்வேலி கிடையாது, வரப்புகூடக் கிடையாது. ஒரு விவசாயிக்கு மூன்று வயல்களிலும் அங்கங்கே சிதறித் துண்டுகள் இருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லோருக்கும் கலந்து வர வேண்டும், ஒரு பக்கம் பொய்த்தாலும் இன்னொரு பக்கம் கைகொடுக்க வேண்டும் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

இடைக்கால இங்கிலாந்தின் பெரும்பகுதி இப்படித்தான் பயிர் செய்தது. அது ஏன் கூட்டு நிர்வாகத்தில் போய் முடிந்தது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் மேனர் மன்றம் என்று ஒன்று எதற்கு என்பது புரியும்:

1. ஒரு வயலில் ஒரு வருடம் குளிர்காலக் கோதுமை, அடுத்த வருடம் பார்லி அல்லது அவரை போன்ற வசந்தப் பயிர், மூன்றாம் வருடம் தரிசு. உரம் வாங்க வழியில்லாத காலத்தில் மண்ணுக்கு ஓய்வு தர இதுதான் வழி. (இன்று தரிசு விட வேண்டிய வருடத்தில் தீவனப் பயிர் போட்டுக்கொள்கிறார்கள்.)

2. தரிசிலும் அறுப்பு முடிந்த தாளடியிலும் ஊர் ஆடுமாடுகள் எல்லாம் சேர்ந்து மேயும். அப்படியானால் ஒரு வயல் முழுவதும் ஒரே சுற்றில் இருந்தாக வேண்டும். நான் மட்டும் என் துண்டில் வேறு பயிர் வைத்திருந்தால் ஊர் ஆடு அதைத் தின்றுவிடும், நான் ஆட்டைப் பழி சொல்ல முடியாது.

3. வேலி இல்லாததால் பக்கத்துத் துண்டுக்குள் ஒரு சால் தள்ளி உழுவது மிகச் சுலபம். வருடத்துக்கு ஒரு சால் என்றாலும் சில வருடங்களில் பக்கத்து வீட்டுக்காரரின் நிலம் கரைந்துவிடும்.

4. ஆக, யாராவது எல்லையைப் பார்க்க வேண்டும், அபராதம் போட வேண்டும். அதுதான் கோர்ட் லீட் என்ற மேனர் மன்றம்.

லாக்ஸ்டனில் இது இப்போதும் நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளே அடங்கிய ஜூரி ஒன்று அந்த வருடக் கோதுமை வயலைச் சுற்றிப் பார்க்கும். எல்லையில் முளைக்குச்சி அடிப்பார்கள். யாராவது புல்பாதையையோ பக்கத்துத் துண்டையோ உழுது எடுத்திருந்தால் குறித்துக்கொள்வார்கள். குற்றவாளி ஜூரியிலேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு, அவருக்கும் அபராதம்தான். அடுத்த வாரம் ஊரின் டவ்கோட் இன் என்ற மதுக்கடையில் மன்றம் கூடும். மேனர் பிரபுவின் சார்பாக ஸ்டூவர்ட் என்று அழைக்கப்படும் அவருடைய நிர்வாகி தலைமை வகிப்பார், அடுத்த ஆண்டுக்கான ஜூரி பதவி ஏற்கும். அபராதத் தொகை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து நிலத்தை உழுதவர் என்று ஊர் நடுவில் பெயர் வாசிக்கப்படுவது வேறு விஷயம்.

உழ முடியாத தாழ்ந்த ஈர நிலங்களைப் புல்லுக்கு விட்டிருக்கிறார்கள், சைக் என்று பெயர். அந்தப் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். நூற்றாண்டுகளாகக் கலப்பை படாததால் அங்கே காட்டுப்பூக்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அரசு அவற்றைப் பாதுகாக்கிறது. இயற்கையைக் காப்போம் என்று யாரும் திட்டம் போட்டு இது நடக்கவில்லை.

1977இல் ஒரு சட்டம் நாட்டின் பழைய மேனர் மன்றங்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டது. ஆனால் லாக்ஸ்டன் மன்றம் தன் திறந்த வயல்களை நிர்வகிக்கும் வேலையைத் தொடரலாம் என்று அதே சட்டம் இடம் வைத்தது. அதனால் இதைச் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் வேஷம் என்று தள்ளிவிட வேண்டாம்.

## ஏன் இங்கே மட்டும் தப்பியது?

மற்ற ஊர்களின் திறந்த வயல்கள் எங்கே போயின? வேலியடைப்புச் சட்டங்களுக்குப் போயின. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. சுமார் 68 இலட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சிதறிய துண்டுகளைச் சேர்த்து, வேலி கட்டி, தனித்தனிப் பண்ணையாக்கினார்கள். விளைச்சல் கூடியது என்பது உண்மை. பொதுமேய்ச்சலை நம்பி ஒரு மாடு வைத்திருந்த கூலிக்காரருக்கு அந்த மாடும் போனது என்பதும் உண்மை.

லாக்ஸ்டனைக் காப்பாற்றியது ஊர்க்காரர்களின் போராட்டமும் இல்லை, பாரிஷும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இரண்டு பெரிய நிலச்சுவான்தார்கள்: மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும். நிலத்தை மாற்றிக்கொள்வது பற்றி இருவருக்கும் ஒத்துவரவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 1870களுக்குப் பிறகு விவசாயமே நஷ்டத்தில் விழுந்தபோது வேலி கட்டும் செலவுக்கு அர்த்தமில்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான் காரணம். 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த ஊர் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக, உழுகிறவர்கள் அறுக்கிறவர்கள் படங்களோடு. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் துண்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள் என்றாலும், அந்த வரைபடத்தோடு இன்றைய வயலில் போய் நின்றால் இடம் அடையாளம் தெரியும்.

உடைமை மாறிய வரிசையையும் பாருங்கள். 1952இல் மேன்வர்ஸ் குடும்பம் ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றது. 1981இல் அது முடியாட்சிக்குரிய நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டிடம் போனது. 2018இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போவதாகச் சொன்னபோது கவலை கிளம்பியது, 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. அது பழைய மேன்வர்ஸ் வழியினருடையது. அதாவது ஒரு சுற்றுச் சுற்றி நிலம் அதே குடும்பப் பக்கமே திரும்பிவிட்டது. இந்த மூன்று கைமாற்றங்களிலும் பாரிஷ் கவுன்சிலின் அனுமதி சட்டப்படி தேவைப்படவே இல்லை.

## பாரிஷ் கவுன்சிலால் என்ன முடியும், என்ன முடியாது

இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ் மற்றும் டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. குறைந்தது ஐந்து உறுப்பினர்கள், சம்பளம் வாங்கும் கிளார்க் ஒருவர். உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியம் இல்லாமல் வேலை செய்கிறார்கள். பல கிராமங்களில் தேர்தலே நடப்பதில்லை, இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் ஆள் நின்றால்தானே தேர்தல். வாக்காளர் மிகக் குறைவான பாரிஷில் கவுன்சிலே இருக்காது. வாக்காளர்கள் எல்லோரும் கூடும் பாரிஷ் மீட்டிங் மட்டும்.

அதிகாரங்கள் சின்னவை: நடைபாதை, விளையாட்டுத் திடல், கல்லறை, பேருந்து நிழற்குடை, பெஞ்ச், குப்பைத்தொட்டி, வாடகைத் தோட்டத் துண்டுகள். பணம் எப்படி வருகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. கவுன்சில் தன் வருடத் தேவையைக் கணக்குப் போட்டு மாவட்டக் கவுன்சிலிடம் சொல்லும். மாவட்டம் மறுக்க முடியாது, அந்தப் பாரிஷில் இருக்கும் வீடுகளின்மீது பிரித்துப் போட்டு வசூலித்துத் தர வேண்டும். இங்கிலாந்தில் வீடுகளுக்கு வரும் கவுன்சில் வரி ரசீதில் பாரிஷ் என்று தனியாகச் சின்னத் தொகை இருக்கிறதே, அது இதுதான். பெரிய கவுன்சில்கள் ஒரு வரம்புக்கு மேல் வரியைக் கூட்டினால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ்களுக்கு அந்தக் கட்டுப்பாட்டை அரசு இதுவரை விதிக்கவில்லை.

வீடு கட்டும் விண்ணப்பங்களில் பாரிஷ் நிராகரித்தது என்று தலைப்புச் செய்தி வந்தால் நம்ப வேண்டாம். பாரிஷ் கருத்து மட்டும்தான் சொல்லும், முடிவு மாவட்டத்தினுடையது. ஒரே விதிவிலக்கு மாதிரியான ஒன்று 2011இன் சட்டத்தில் வந்தது: பாரிஷ் தனக்கென்று ஒரு பகுதித் திட்டம் தயாரித்து, ஊர் வாக்கெடுப்பில் வென்றால், மாவட்டம் முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். புதுக் கட்டடங்களுக்கு மேம்பாட்டு வரி வசூலிக்கும் மாவட்டங்களில், திட்டம் உள்ள பாரிஷுக்கு அதில் 25 சதவீதம், இல்லாத பாரிஷுக்கு 15 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. தயாரிக்க வருடக்கணக்கில் ஆகும், தன்னார்வலர்கள் களைத்துப்போவார்கள், ஆனாலும் கையில் இருக்கும் ஒரே கனமான கருவி அதுதான் என்பது என் கணிப்பு.

## மேல்மட்டம் மாறினால் கீழே என்ன ஆகும்?

2024 வெள்ளை அறிக்கையின் திட்டம் இது: மாவட்டம், கவுண்டி என்று இரண்டு அடுக்கு இருக்கும் இடங்களில் இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே கவுன்சில், ஒவ்வொன்றும் பொதுவாக ஐந்து இலட்சம் பேருக்கு. நாட்டிங்ஹாம்ஷயரும் இதில் அடக்கம். பாரிஷ்கள் ஒழிக்கப்படவில்லை. விளைவுகளை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

1. லாக்ஸ்டனின் பாரிஷ் எல்லையும் கவுன்சிலும் அப்படியே இருக்கும். அதன் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும் அலுவலகம் மட்டும் பெரிதாகி, தூரமாகும். ஐந்து இலட்சம் பேருக்கான கவுன்சிலில் சில நூறு பேரின் குரல் எவ்வளவு எடுபடும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

2. செலவு கீழே இறங்கும் வாய்ப்பு அதிகம். புது கவுன்சில் கழிப்பறையையோ புல்வெட்டுவதையோ கைவிட்டால் பாரிஷ்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், ரசீதில் அந்தச் சின்னத் தொகை பெரிதாகும்.

3. மேனர் மன்றத்துக்கு எந்த மாற்றமும் இல்லை. அது உள்ளாட்சிச் சட்டத்துக்குள் வரவே வராது, அதன் ஆயுள் நில உரிமையாளரின் விருப்பத்தையும் துண்டுகளை உழ முன்வரும் குத்தகைதாரர்களையும் பொறுத்தது.

மூன்றாவதுதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. ஊர்ச் சொத்து விற்பனைக்கு வந்தால் ஊருக்கு என்ன உரிமை என்ற கேள்வி அதிலிருந்துதான் எழுகிறது. 2011 சட்டப்படி மதுக்கடை, கடை, மண்டபம் போன்றவற்றைச் சமூகச் சொத்து என்று பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்தால் விற்பனையை ஆறு மாதம் வரை நிறுத்திவைத்து ஊர் ஏலம் கேட்கலாம், ஆனால் உரிமையாளர் ஊருக்கே விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்த அதிகாரப் பகிர்வு மசோதா இதைப் பன்னிரண்டு மாதமாக நீட்டி, முதலில் வாங்கும் உரிமையையும் ஊருக்குத் தர முன்மொழிந்தது. இது பயன்படப்போவது ஒரு கட்டடத்துக்கு, ஒரு திடலுக்கு. பண்ணை நிலம் அத்தனையையும் சேர்த்து ஒரு கிராமம் மறுபடி விற்பனைக்கு வந்தால், வாங்குவதற்குச் சில நூறு பேரிடம் அவ்வளவு பணமும் இருக்காது.